குட்டி மதர்போர்டில் ஓவர்கிளாக்: எந்தக் கூலர் வாங்குவது?

மினி-ஐடிஎக்ஸ் என்ற குட்டி மதர்போர்டில் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிறுவனம் வைத்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்ட, ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரிய கேபினெட்டில் இவற்றில் பாதி எழவே எழாது. அங்கே இடம் தாராளமாக இருக்கிறது, தப்பான கூலரை வாங்கினாலும் எப்படியோ சமாளித்துவிடலாம். 17 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அந்தச் சலுகை கிடையாது.

என் பிராசசரும் மதர்போர்டும் ஓவர்கிளாக் செய்ய விடுமா?

கூலருக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்பு இதைப் பார்த்துவிடுங்கள். இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் 'கே' எழுத்து உள்ள பிராசசரும், இசட்690, இசட்790 மாதிரி 'இசட்' வரிசை சிப்செட்டும் வேண்டும். பி660, பி760 போர்டுகளில் ரேமின் வேகத்தைக் கூட்டலாம், பிராசசரின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியைக் கூட்ட முடியாது. ஏஎம்டி பக்கம் கொஞ்சம் தாராளம். பெரும்பாலான ரைசன்கள் பூட்டப்படாதவை. பி550, பி650, எக்ஸ்670 போர்டுகள் ஓவர்கிளாக்குக்கு அனுமதிக்கும், ஏ520, ஏ620 போன்ற 'ஏ' வரிசை அனுமதிக்காது. அடுக்கு கேஷ் (அடுக்கி வைத்த கூடுதல் உள்நினைவகம்) கொண்ட 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி இரண்டிலும் பெருக்கி பூட்டியே வரும். 2024இல் வந்த 9800எக்ஸ்3டியில்தான் அந்தப் பூட்டு திறந்தது.

முதலில் கூலரை முடிவு செய்வதா, கேபினெட்டையா?

கேபினெட்டை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சின்ன கணினியில் எந்தக் கூலர் என்று தீர்மானிப்பது உங்கள் பட்ஜெட்டோ விமர்சனங்களோ அல்ல, மதர்போர்டுக்கும் பக்கவாட்டுத் தகடுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்பதுதான்.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் என்ற 7.2 லிட்டர் கேபினெட்டில் கூலருக்குக் கிடைக்கும் உயரம் 48 மி.மீ. ஃப்ராக்டல் டெர்ரா 10.4 லிட்டர். அதன் நடுச்சுவரை நகர்த்தலாம் என்பதால் 48 முதல் 77 மி.மீ. வரை கிடைக்கும். ஆனால் கூலருக்கு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கிராபிக்ஸ் கார்டிடமிருந்து பிடுங்கியது. என்கேஸ் எம்1 என்றால் 130. கூலர் மாஸ்டர் என்ஆர்200இல் 155. கடைசியில் சொன்னதில் நிமிர்ந்து நிற்கும் முழு அளவு டவர் கூலரே உட்கார்ந்துவிடும். முதலில் சொன்னதில் உள்ளங்கை உயரம்கூட இல்லாத தட்டைக் கூலர்தான் போகும். மதர்போர்டு ஒன்றேதான், அதற்குள் இத்தனை தூரம்.

கேபினெட் கையேட்டில் போட்டிருக்கும் உயரத்தை அப்படியே நம்பி, அதே அளவுள்ள கூலரை வாங்காதீர்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டராவது மிச்சம் வையுங்கள். கூலர் உயரத்தைச் சொல்லும்போது சில நிறுவனங்கள் ஃபேனைச் சேர்த்துச் சொல்லும், சில சேர்க்காமல் சொல்லும். ஹீட் பைப்பின் முனை மேலே துருத்திக்கொண்டிருப்பதை யாரும் படத்தில் கவனிப்பதில்லை.

உயரம் சரியாக இருந்தால் போதும்தானே?

போதாது. நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மினி-ஐடிஎக்ஸ் என்பது 170 × 170 மி.மீ. பலகை. வியா டெக்னாலஜீஸ் 2001இல் அறிமுகப்படுத்திய வடிவம். வழக்கமான ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244. அங்கே பிராசசர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி முற்றம் மாதிரி இடம் கிடக்கும். இங்கே சாக்கெட்டுக்கு நான்கு பக்கமும் ஆள் நிற்கிறார்கள். ஒரு பக்கம் ரேம் வரிசை. எதிர்ப்பக்கம் பின்புற போர்ட்டுகளின் மேல்மூடியும், பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பாகங்களின் ஹீட்சிங்க்கும். மேலே 8 பின் மின் இணைப்பும் இன்னொரு ஹீட்சிங்க்கும். கீழே கிராபிக்ஸ் கார்டு செருகும் ஒரே ஒரு பிசிஐஇ ஸ்லாட், அதற்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் சில போர்டுகளில் எஸ்எஸ்டி டிரைவ் செருகும் இரண்டு மாடி எம்.2 கோபுரம் வேறு.

என்னிடம் இருந்த அகலமான இரட்டை டவர் கூலர் கேபினெட்டில் உயரத்துக்குச் சரியாகப் பொருந்தியது. வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி, நான்கு திருகையும் முடுக்கி, கைதட்டிக்கொள்ளாத குறையாக எழுந்து, கிராபிக்ஸ் கார்டை எடுத்தேன். ஸ்லாட்டே தெரியவில்லை. கூலரின் தகடுகள் அதற்கு மேல் கூரை போட்டிருந்தன. திருப்பி வைத்தால் ரேம் மேல் ஏறியது. கழற்றி, பேஸ்ட் துடைத்து, பெட்டிக்குள் திருப்பி வைத்ததோடு அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

150 மி.மீ. அகலமுள்ள நாக்டுவா என்ஹெச்-டி15 போன்ற கூலர்களுக்குப் பல மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளில் இதுதான் கதி. அந்த நிறுவனமே, ஸ்லாட்டை மறைக்காதபடி ஒரு பக்கமாகத் தள்ளி வைத்த என்ஹெச்-டி15எஸ் என்ற வடிவத்தைத் தனியாக விற்கிறது என்றால் சிக்கல் எவ்வளவு பரவலானது என்று புரியும்.

ஆகவே நீளம், அகலம், அவை சாக்கெட்டின் மையத்திலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு நீளுகின்றன, இவை மூன்றையும் பாருங்கள். நல்ல நிறுவனங்கள் தங்கள் தளத்தில் போர்டு வாரியாகப் பொருந்தும் பட்டியல் வெளியிடுகின்றன. உங்கள் போர்டு அதில் இல்லையென்றால் கூலரின் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி சாக்கெட் மேல் வைத்துப் பாருங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் அந்த அட்டை பொய் சொல்லாது.

எவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும்?

பெட்டியில் எழுதியிருக்கும் டிடிபி (வெப்ப அளவு) எண்ணை வைத்து அல்ல. ஏஎம்டியில் 65 வாட் என்று விற்கும் பிராசசர் 88 வாட் வரை எடுக்கலாம், 105 என்பது 142, 170 என்பது 230. இன்டெல் ஐ9-13900கேவின் அடிப்படை எண் 125, உச்சம் 253 வாட். இவை எல்லாம் நீங்கள் இன்னும் எதையும் தொடாத நிலையில்.

ஓவர்கிளாக் செய்யும்போது வேகத்தோடு மின் செலவு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜோடு அப்படியில்லை, அதன் இருமடிக்கு ஏறும். ஆளைக் கவிழ்ப்பது வோல்டேஜ்தான். ஒரு கணக்குப் போடுவோம். 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் 90 வாட் எடுக்கும் பிராசசரை 4.4க்குக் கொண்டுபோக 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வையுங்கள். வேகம் 1.1 மடங்கு. வோல்டேஜ் 1.125 மடங்கு, அதன் இருமடி ஏறக்குறைய 1.27. பெருக்கினால் 1.39. ஆக 10 சதவீத வேகத்துக்கு 39 சதவீதம் கூடுதல் சூடு, 90 வாட் 125 ஆகிவிட்டது.

இப்போது கூலர். ஒரு கூலரில் பிராசசரின் வெப்பம் சுற்றுக்காற்றை விட எத்தனை டிகிரி ஏறும் என்பது ஏறக்குறைய வாட்டுக்கு நேர்விகிதம். காற்று 30 டிகிரி, பிராசசர் 90 வாட்டில் 75 டிகிரி என்றால் ஏற்றம் 45, அதாவது வாட்டுக்கு அரை டிகிரி. அதே கூலரில் 125 வாட் போட்டால் ஏற்றம் 62.5, பிராசசர் 92.5 டிகிரியில் நிற்கும். எல்லைக்குள்தானே என்று நிம்மதி அடையாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யத் தொடங்கியதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் காற்று 10 டிகிரி ஏறினால் இதுவும் 10 ஏறும். 102.5. இன்டெலின் 12 முதல் 14ஆம் தலைமுறை வரையிலான 'கே' பிராசசர்களுக்கு 100, ரைசன் 7000இல் பெரும்பாலானவற்றுக்கு 95தான் எல்லை. அதைத் தொட்டதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் பாடுபட்டுக் கூட்டிய 10 சதவீதத்தை அது சத்தமில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டுவிடும்.

இந்தக் கணக்கைக் கூலர் வாங்கும் முன்பே போடலாம். இப்போது இருக்கும் கூலரில் முழுச் சுமை கொடுத்து, வாட்டையும் வெப்பத்தையும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும்.

கூலர் பெட்டியில் '180 வாட் வரை' என்று போட்டிருக்கிறதே?

அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. எந்த அறை வெப்பத்தில், எந்த ஃபேன் வேகத்தில், எந்த அளவு சிப்பில் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கூலர்களை ஒப்பிட உதவும், அவ்வளவுதான்.

டவரா, தட்டைக் கூலரா?

கேபினெட்டில் 120 மி.மீ.க்கு மேல் இடம் இருந்தால் டவர். தகடுகளின் பரப்பு அதிகம், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறும், பின்பக்க ஃபேன் அதை வாங்கி வெளியே தள்ளும். நாக்டுவா என்ஹெச்-யு9எஸ் 125 மி.மீ. உயரம். குறுகலானது, ரேமையும் ஸ்லாட்டையும் தொந்தரவு செய்யாது. குட்டி போர்டுக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். 155 மி.மீ. இடம் இருக்கிறவர்களுக்குத் தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போன்ற இரட்டை டவர்கள் இருக்கின்றன. ஆனால் உயரம் சரியாக 155 என்பதால், நான் மேலே சொன்ன மிச்சம் அங்கே இருக்காது. ஸ்லாட் கதையையும் மறக்க வேண்டாம்.

இடம் 70 மி.மீ.க்குக் கீழே என்றால் தட்டைதான், வேறு வழியில்லை. என்ஹெச்-எல்12எஸ் 70 மி.மீ., ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 47 மி.மீ., என்ஹெச்-எல்9ஐ 37 மி.மீ. என்று இறங்கிக்கொண்டே போகலாம். உயரம் இறங்க இறங்க ஓவர்கிளாக் கனவையும் இறக்கிக்கொள்ள வேண்டும். 37 மி.மீ. கூலரில் வோல்டேஜைக் கூட்டுவது நான் யாருக்கும் சொல்லமாட்டாத வேலை.

ஆனாலும் தட்டைக் கூலருக்கு ஒரு பெருமை உண்டு. அதன் காற்று கீழ்நோக்கி அடித்து, போர்டின் மேல் பரவி, விஆர்எம் பகுதியையும் ரேமையும் எம்.2 டிரைவையும் குளிர்வித்துவிட்டுப் போகும். குட்டி போர்டுகளில் விஆர்எம் ஹீட்சிங்க் சின்னது. ஓவர்கிளாக்கில் பிராசசருக்குப் போகும் ஒவ்வொரு வாட்டும் அந்தப் பாகங்களைத் தாண்டித்தான் போகிறது. டவர் கூலர் போட்டவர்கள் பிராசசர் வெப்பத்தை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் விஆர்எம் கொதிப்பதைக் கவனிக்காமல் விடுவது வழக்கம். சென்சார் இருந்தால் அந்த வரியையும் பாருங்கள்.

வாட்டர் கூலிங் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

சில தீரும், சில புதிதாக முளைக்கும்.

தீருவது இடச் சிக்கல். சாக்கெட் மேல் சின்ன பம்ப் பிளாக் மட்டும் உட்காரும். ரேம், ஸ்லாட் எதோடும் சண்டை இல்லை. சூடு கேபினெட்டின் ஓரத்துக்குப் போய் அங்கிருந்தே வெளியேறிவிடும். 240 மி.மீ. ரேடியேட்டர் மாட்ட இடம் இருக்கிற, டவருக்கு உயரம் போதாத கேபினெட்டில் இதுதான் சரியான விடை.

சிக்கல் ரேடியேட்டரின் தடிமனில் தொடங்குகிறது. சாதாரண ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., ஆக 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 2 மாதிரியானவற்றில் ரேடியேட்டரே 38 மி.மீ., ஃபேனோடு 63. அந்தப் 11 மி.மீ.தான் கிராபிக்ஸ் கார்டின் மூக்கில் இடிக்கும். 15 மி.மீ. மெல்லிய ஃபேன் போட்டுத் தப்பிக்கலாம், கொஞ்சம் குளிர்ச்சியும் கொஞ்சம் நிம்மதியும் போகும். குழாய்கள் நாம் நினைப்பதைவிட விறைப்பானவை, சின்னப் பெட்டிக்குள் மடங்க மறுக்கும்.

இரண்டாவது, விஆர்எம்முக்கு இப்போது துளிக் காற்றும் இல்லை. மேலே சொன்ன ஆர்க்டிக் கூலரில் பம்ப் மேலேயே 40 மி.மீ. குட்டி ஃபேன் ஒன்று இதற்காகவே இருக்கிறது. மற்றவற்றில் கேபினெட் ஃபேன் ஒன்றாவது போர்டைப் பார்த்து அடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பம்ப் எப்போதும் ரேடியேட்டரின் உச்சியை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று மேலே ஏறும். சுற்றின் மிக உயரமான இடம் பம்ப்பாக இருந்தால் காற்று அங்கே தங்கி, களகளவென்று சத்தம் வரும், பம்ப்பும் சீக்கிரம் சாகும். கேபினெட்டைப் படுக்க வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

120 மி.மீ. ஒற்றை ரேடியேட்டர் வேண்டாம். நல்ல டவர் கூலரைத் தாண்டி அது பெரிதாக எதுவும் தராது. கூடவே பம்ப் என்று பழுதாகக்கூடிய பாகம் ஒன்று சேர்ந்துகொள்கிறது.

ரேம் உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

தட்டைக் கூலர் என்றால் ஆமாம். மேல் தகடு இல்லாத ரேம் சுமார் 31 மி.மீ. இருக்கும். வண்ண விளக்கு வைத்தவை 44 மி.மீ.யைத் தாண்டிவிடும். விளக்குக்காகக் கூலரை விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம், நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பழைய கூலர் புதிய சாக்கெட்டில் உட்காருமா?

இன்டெலின் எல்ஜிஏ1150, 1151, 1200 வரிசைகளில் திருகுத் துளைகள் 75 மி.மீ. சதுரத்தில் இருந்தன. எல்ஜிஏ1700இல் அது 78 ஆனது. எல்ஜிஏ1851இலும் அதே 78தான். துளை மட்டுமல்ல, 1700இல் பிராசசரின் மேல்பரப்பும் முன்பைவிடத் தாழ்வு. பழைய பிடியை எப்படியோ இழுத்து மாட்டினாலும் அழுத்தம் சரியாக விழாது. கூலர் நிறுவனத்திடம் புதிய பிடியைக் கேளுங்கள், பலர் இலவசமாகவே தந்தார்கள்.

ஏஎம்4இலிருந்து ஏஎம்5க்குத் துளைகள் மாறவில்லை. ஆனால் ஏஎம்5இல் பின்தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது, கழற்றக்கூடாது. போர்டோடு வரும் பின்தகட்டிலேயே திருகும் கூலர்கள் பொருந்தும், தங்கள் சொந்தப் பின்தகட்டோடு வருபவை பொருந்தாது.

மினி-ஐடிஎக்ஸில் இன்னொரு கண்ணி உண்டு. இடம் போதாமல் எம்.2 ஸ்லாட்டையும் வேறு சில்லறைப் பாகங்களையும் போர்டின் முதுகில் வைத்திருப்பார்கள். அகலமான பின்தகடு அவற்றின் மேல் அமரக்கூடும். போர்டைக் கேபினெட்டில் பூட்டுவதற்கு முன்பே முதுகுப் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

பெரிய கூலர் போட்டும் 95 டிகிரியிலேயே நிற்கிறது. கூலர் பழுதா?

அநேகமாக இல்லை. ரைசன் 7000 வரிசையின் உயர்ரகங்கள் 95 டிகிரி வரை போவதையே இலக்காக வைத்து ஓடும்படி அமைக்கப்பட்டவை. நல்ல கூலர் கொடுத்தால் வெப்பம் குறையாது, அதே வெப்பத்தில் இன்னும் வேகமாக ஓடும். எனவே டிகிரியை மட்டும் பார்த்துக் கூலரை எடைபோடாதீர்கள். முழுச் சுமையில் எல்லாக் கோர்களும் எத்தனை மெகாஹெர்ட்ஸில் நிற்கின்றன என்று பாருங்கள்.

இன்னொரு காரணம் சிப்பின் அளவு. ஜென் 4இல் (ரைசன் 7000இன் உள்வடிவமைப்பு) கோர்கள் இருக்கும் சிலிக்கன் சில் ஏறக்குறைய 70 சதுர மி.மீ.தான். அந்தச் சுண்டுவிரல் நகத்தளவு இடத்திலிருந்து நூறு வாட்டுக்கு மேல் வெளியே வர வேண்டும். அடைப்பு அங்கேதான், மேலே இருக்கும் தகடுகளில் அல்ல. கூலரை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓர் எல்லைக்கு மேல் பலன் இல்லாமல் போவது இதனால்தான். குட்டி கேபினெட்காரர்களுக்கு இது ஒருவகையில் நல்ல செய்தி. பெரிய கூலர் வைக்க முடியவில்லையே என்ற ஏக்கத்தில் பாதி தேவையற்றது.

ரைசனில் அந்தச் சில் நடு மையத்தில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கிறது. கூலரின் நடுவைச் சில்லுக்கு மேலே கொண்டுவர நாக்டுவா 7 மி.மீ. தள்ளிய பிடிகளை விற்கிறது. ஒன்று முதல் மூன்று டிகிரி வரை குறையும் என்று அவர்களே சொல்கிறார்கள். செலவுக்கு ஏற்ற பலன்தான்.

ஃபேன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

டவரில் கேபினெட்டின் காற்றோட்டத்தோடு போக வேண்டும். தட்டையில் வழக்கமாகக் கீழ்நோக்கி. பக்கவாட்டுத் தகட்டில் துளைகள் இருந்தால் ஃபேன் நேரடியாக வெளிக்காற்றை இழுக்கும், அதுதான் சிறப்பு. ஆனால் ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே 15, 20 மி.மீ. இடைவெளி விழுந்தால், ஏற்கெனவே சூடான உள்காற்றையே திரும்ப இழுக்கத் தொடங்கும். அந்த இடைவெளியை நுரைப்பஞ்சால் அடைத்து ஒரு குழல் மாதிரி செய்துவிடலாம். நாக்டுவா என்ஹெச்-எல்9 வரிசைக்கு என்ஏ-எஃப்டி1 என்று ஒன்று விற்கவும் செய்கிறது. நான் பார்சலில் வந்த பஞ்சை வெட்டி ஒட்டினேன். அழகாக இல்லை, மூடி போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

கண்ணாடித் தகடு வைத்த சின்னக் கேபினெட்டில் தட்டைக் கூலர் வைப்பது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி.

லிக்விட் மெட்டல் தடவலாமா?

பேஸ்ட்டுக்குப் பதில் தடவும் திரவ உலோகம் இது, முதல் முறை செய்கிறவர் என்றால் வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், ஒரு சொட்டு வழிந்தாலும் போர்டு போகும். அலுமினியத்தை அரித்துவிடும். சின்னக் கணினியைத் தூக்கிக்கொண்டு அலைகிற பழக்கம் இருந்தால் அபாயம் இன்னும் கூடுதல். நல்ல பேஸ்ட்டும் நான்கு திருகையும் குறுக்காக மாற்றி மாற்றிச் சமமாக முடுக்குவதுமே போதும்.

வோல்டேஜைக் குறைத்தால் அது எப்படி ஓவர்கிளாக் ஆகும்?

குட்டி போர்டில் ஓவர்கிளாக் என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

தொழிற்சாலையிலிருந்து வரும் வோல்டேஜ், அதே மாடலில் மிக மட்டமான சிப்பும் ஓட வேண்டும் என்று கொஞ்சம் தாராளமாக வைக்கப்பட்டது. உங்கள் சிப்புக்கு அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். முன்பு போட்ட கணக்கையே திருப்பிப் போடுங்கள். 1.20 வோல்ட்டை 1.10 ஆக்கினால் அதே வேகத்தில் சூடு 16 சதவீதம் குறையும். 90 வாட் 76 ஆகும். அதே கூலர், அதே 30 டிகிரி காற்று, பிராசசர் இப்போது 68 டிகிரியில். இந்த 7 டிகிரியைக் கூலரை மாற்றிப் பெறுவதானால் எவ்வளவு பெரிய கூலர் தேவைப்படும், அது உங்கள் பெட்டியில் நுழையுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைய பிராசசர்கள் சூட்டிலும் மின்சாரத்திலும் இடம் மிச்சம் கிடைத்தால் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. அப்படியானால் வோல்டேஜைக் குறைப்பதே வேகத்தைக் கூட்டுவதாகிவிடுகிறது. ரைசனில் பயாஸுக்குள் பிபிஓ (தானாக வேகம் கூட்டும் வசதி) பகுதியில் வோல்டேஜைக் குறைக்க 'கர்வ் ஆப்டிமைசர்' என்று இருக்கும். எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10இல் தொடங்கி, ஓடினால் 15, 20 என்று இறங்கலாம். பெருக்கி பூட்டிய 7800எக்ஸ்3டியிலும் இது வேலை செய்யும். இன்டெலில் வோல்டேஜ் ஆஃப்செட்டைக் குறைப்பதும், பிஎல்1, பிஎல்2 என்ற மின் எல்லைகளைக் கூலர் தாங்கும் அளவுக்கு இறக்குவதும் இதே வேலையைச் செய்யும்.

கவனிக்க வேண்டியது ஒன்று: கர்வ் ஆப்டிமைசரை அதிகம் இறக்கினால் கணினி கனமான சோதனையில் விழாது. சும்மா இருக்கும்போதோ பிரவுசர் திறக்கும்போதோதான் விழும். ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் அந்த நொடியில்தான் வோல்டேஜ் போதாமல் போகும். 'சோதனை எல்லாம் பாஸ், ஆனால் ராத்திரி தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது' என்று யாராவது புலம்பினால் முதலில் இதைத்தான் கேட்பேன்.

எப்படிச் சோதிப்பது?

மூடியைப் போட்டுவிட்டு. திறந்த கேபினெட்டில் எடுத்த எண்ணுக்கு இங்கே மதிப்பே இல்லை.

சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளின் 10 நிமிட ஓட்டம் முதல் கட்டத்துக்குச் சரி. வாட்டர் கூலிங் என்றால் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள், தண்ணீர் சூடேற நேரம் எடுக்கும். முதல் ஐந்து நிமிட எண் உங்களை ஏமாற்றும். பிரைம்95இன் ஸ்மால் எஃப்எஃப்டி மிகக் கொடூரமானது, சாதாரணப் பயன்பாட்டில் அந்த அளவு சூடு வராது. அதில் எல்லையைத் தொட்டால் மனம் உடைய வேண்டாம். அப்புறம் கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்துச் சுமை கொடுங்கள். விளையாட்டு ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டினாலே போதும். சின்னப் பெட்டியில் உண்மை வெளிப்படுவது அப்போதுதான். எச்டபிள்யூஇன்ஃபோவின் அடியில் பிழை எண்ணிக்கை வரி ஒன்று இருக்கும். கணினி விழாவிட்டாலும் அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எது வந்தாலும் வோல்டேஜில் ஒரு படி மேலே ஏறுங்கள்.

கணினியை அடிக்கடி தூக்கிக்கொண்டு போவேன். கனமான கூலர் பரவாயில்லையா?

என்ஹெச்-டி15 இரண்டு ஃபேன்களோடு 1.32 கிலோ. அது செங்குத்தாக நிற்கும் போர்டிலிருந்து பக்கவாட்டில் தொங்குகிறது. மேசையிலேயே இருக்கும் வரை பிரச்சினை இல்லை. பைக்கில் கொண்டுபோவதானால் தட்டைக் கூலரோ வாட்டர் கூலிங்கோ நல்லது. இல்லையென்றால் போகும்போது கேபினெட்டைப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள், கூலர் மேல்பக்கம் பார்க்கும்படி.

பிராசசரோடு வந்த கூலரிலேயே முயன்று பார்க்கலாமா?

பாருங்கள், அதில் தவறில்லை. இன்டெல் 'கே' பிராசசர்களோடு கூலர் வராது. ரைசனில் சிலவற்றோடு 54 மி.மீ. உயர ரைத் ஸ்டெல்த் கூலர் வரும். அதில் வோல்டேஜைக் கூட்ட முடியாது, குறைக்க நிச்சயம் முடியும். ஒரு வாரம் அதிலேயே கர்வ் ஆப்டிமைசரை இறக்கி ஓட்டி, வாட்டையும் டிகிரியையும் குறித்து வைத்துக்கொண்டு, அப்புறம் கூலர் தேடப் போங்கள். தேடப் போகாமலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. என் இரண்டாவது கணினியில் இன்னமும் அந்த ரைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.